ஓரம் வெட்டிய ஆட்காட்டி

1

இந்தக் கதை எனக்கு ஆற்றங்கரையில் கிடைத்தது என்று சொல்லத்தான் ஆசை. தாமிரபரணியில் கால் நனைத்துக்கொண்டிருந்தபோது ஒரு பறவை வந்து காதில் சொன்னது என்று எழுதினால் முதல் பக்கத்துக்கு ஒரு களை வரும். உண்மையில் இது வாட்ஸ்அப்பில் கிடைத்தது. 'நெல்லைச் சிறகுகள்' என்று ஒரு குழு. நூற்று நாற்பத்தாறு பேர். யாரோ எப்போதோ என்னைச் சேர்த்துவிட்டார்கள். இரண்டு வருடமாக ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே இருக்கிறேன். காக்கைக்கும் அண்டங்காக்கைக்கும் வித்தியாசம் கேட்டால் முழிப்பேன். ஆனால் மனிதர்களை வேடிக்கை பார்க்க அதைப்போல வசதியான மறைவிடம் வேறில்லை.

குழுவில் வந்தது பாதி. மீதி நான் இட்டுக்கட்டியது. எது எது என்று அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

மூன்று விதமாகத் தொடங்கிப் பார்த்தேன்.

"பனி விலகாத தை மாதத்து அதிகாலையில், மணிமுத்தாற்றின் நீலம் மெல்ல மெல்ல—" (விட்டுவிட்டேன். மணிமுத்தாறு இந்தக் கதைக்குள் வருவதே ஒரு பொய்யாகத்தான். முதல் வரியிலேயே நானும் அதை நம்பிவிட்டால் எப்படி?)

"ஹெப்ரான் என்ற மனிதருக்குள் ஒரு பறவை—" (இருந்தது என்று முடிய வேண்டும். அவருக்குள் அன்றைக்கு இருந்தது முதல் நாள் வைத்த கருவாட்டுக்குழம்பு.)

"சாக்கடையில் ஓர் எருமை நின்றது." (இது உண்மை. ஆனால் இதைப் படித்துவிட்டு நீங்கள் அடுத்த வரிக்கு வருவீர்களா?)

மூன்றாவதுதான் சரியான தொடக்கம். அதைக் கடைசிக்குத் தள்ளி வைத்திருக்கிறேன் பாருங்கள். ஆகவே, இனி வரப்போகும் ஹெப்ரானைக் குறை சொல்ல எனக்கும் பெரிய யோக்கியதை கிடையாது.

2

ஹெப்ரானுக்கு ஐம்பத்து மூன்று வயது. பாளையங்கோட்டையில் வீடு, ஓர் அலுவலகத்தில் கண்காணிப்பாளர். அலுவலகத்தில் அவருடைய புகழ் ஒரே வரியில் அடங்கிவிடும்: 'அசல் இணைக்கப்படவில்லை. திருப்பப்படுகிறது.' ஜெராக்ஸைக் கொண்டுவந்து நீட்டியவர்கள், அழுதவர்கள், சிபாரிசோடு வந்தவர்கள் எல்லோரும் அந்த ஒரு வரியோடு வீடு திரும்பியிருக்கிறார்கள். முதுகுக்குப் பின்னால் 'அசல் அண்ணாச்சி' என்று பெயர். அது அவர் காதுக்கும் எட்டியிருந்தது. உள்ளூரச் சந்தோஷம்தான்.

நெல்லைச் சிறகுகளுக்கும் அவர்தான் தலைவர். இலை இலையாக அச்சடித்த சட்டை, காது மூடும் தொப்பி, முழங்கை நீள லென்ஸ், லென்ஸுக்கும் இலை போட்ட உறை. நடுக்காட்டில் நின்றால் பக்கத்தில் நிற்பவருக்கே தெரிய மாட்டார். ஆனால் புது பஸ் ஸ்டாண்டு பக்கம் ஸ்கூட்டரில் போகும்போது அந்தச் சாலையிலேயே அவர் ஒருத்தர்தான் தெரிவார். அவர் எடுக்கும் படங்களின் மூலையில் ஒரு வளைந்த கையெழுத்தும் அதற்குக் கீழே ஒரு கழுகும் இருக்கும். கழுகை அவர் படம் எடுத்ததில்லை. டிசைன் போட்ட கடைக்காரர் தானாக வைத்தது.

போன குளிர்காலத்தில் நடந்த ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். கணேஷ்ராம் என்று ஒருவன், செல்போன் கடையில் ரிப்பேர் பார்ப்பவன், அபூர்வமான ஒரு வாத்தைப் படம் பிடித்துக் குழுவில் போட்டான். ஹெப்ரான் அசல் கோப்பைக் கேட்டார். கார்டில் இடம் இல்லாமல் அழித்துவிட்டேன் என்றான். அன்று மாலை குழுவில் ஓர் அறிவிப்பு வந்தது, அலுவலக நடையில்: 'அசல் சமர்ப்பிக்கப்படாததால் மேற்படி பதிவு நிராகரிக்கப்படுகிறது. இடத்தையோ நாளையோ மாற்றிச் சொல்லும் உறுப்பினர்களின் பதிவுகள் இனி எக்காலத்திலும் ஏற்கப்பட மாட்டா.' முப்பத்தொரு பேர் கட்டைவிரலைத் தூக்கினார்கள். கணேஷ்ராம் கை கூப்பிய படம் ஒன்றைப் போட்டான். அதோடு ஒரு வருடம் பேச்சில்லை.

'எக்காலத்திலும்' என்ற சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஹெப்ரான் அதை மறந்துவிட்டார்.

3

ஞாயிறுகளில் ஹெப்ரான், ஊரில் கோயில் என்று சொல்லும் தேவாலயத்தில், ஐந்தரை மணிக்கு நடக்கும் முதல் ஆராதனைக்குப் போகிறவர். வீட்டில் அப்படித்தான் சொல்லியிருந்தார். மனைவி பெர்சிஸ் எட்டரை மணி இரண்டாம் ஆராதனைக்குப் போவாள். ஒரே வீட்டில் இரண்டு பேர் இரண்டு ஆராதனைக்குப் போவதில் ஒரு சௌகரியம் உண்டு: யார் போனார், யார் போகவில்லை என்று யாரும் பார்க்க முடியாது. மூன்று குளிர்காலமாக ஹெப்ரான் வெள்ளைச் சட்டையில் கிளம்பி, ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் இருக்கும் இலைச் சட்டையை வழியில் போட்டுக்கொண்டு, ஒத்தப்பனைக் குளத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்.*

* குளத்தின் பெயரை மாற்றியிருக்கிறேன். ஏன் என்று கடைசியில் கேளுங்கள்.

பழைய வரைபடத்தில்தான் அது குளம். இப்போது நாலு தெருத் தண்ணீர் வந்து நிற்கும் கருப்புப் பள்ளம். ஒரு கரையில் வேலிக்கருவை, மறு கரையில் குப்பை. மூக்கைப் பிடித்துக்கொண்டு போகிற இடம். ஆனால் பறவைகளுக்கு மூக்கைப் பற்றிய கவலை இல்லை. புழு இருக்கிறதா என்பதுதான் அவற்றின் கேள்வி. புழு இருந்தது. அதனால் உள்ளான்களும் நெடுங்கால் உள்ளான்களும் எங்கெங்கிருந்தோ கடல் தாண்டி வந்து, ஆறு ஓடும் ஊரில் ஆற்றை விட்டுவிட்டு, இந்தப் பள்ளத்தில் இறங்கின. இது எனக்கு இன்றுவரை ஆச்சரியம். ஹெப்ரானுக்கு ஆச்சரியத்தோடு கூச்சமும் இருந்தது. மூன்று வருடத்தில் அவர் எடுத்த நல்ல படங்கள் எல்லாம் இந்தச் சாக்கடையில் எடுத்தவை. குழுவில் அவற்றுக்கு 'தாமிரபரணிப் படுகை' என்று இடம் போடுவார், நாள் போட மாட்டார். சட்டப்படி அது பொய் ஆகாது.

அந்த ஞாயிறு, தை முதல் வாரம், ஆறு ஐம்பதுக்கு வெளிச்சம் வந்தது. சேற்றுத் திட்டில் ஏழு ஆட்காட்டிகள் நின்றன.** ஆள் வந்தால் ஊரைக் கூட்டுவது அந்தப் பறவையின் தொழில். ஆறு பறவைகள் அதைச் செய்தன. ஏழாவது கத்தவில்லை.

ஹெப்ரான் லென்ஸைத் திருப்பினார். மற்றவற்றுக்கு மூக்கருகே சிவப்பு, இதற்கு இல்லை. தலையும் கழுத்தும் அடுப்புச் சாம்பல் நிறம். மஞ்சள் அலகு, நுனியில் மட்டும் மை தொட்ட மாதிரி ஒரு கருப்பு. சாம்பல்தலை ஆட்காட்டி. சீனத்துப் பக்கம் பிறந்து, குளிருக்கு வங்காளம் வரை வரும். இத்தனை தெற்கே இறங்காது. குழுவின் பதிவேட்டில் அப்படி ஒரு பறவையே கிடையாது. இருபது நொடி அவர் பொத்தானை அமுக்கவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார். (இது நான் இட்டுக்கட்டியது. ஆனால் அவர் அனுப்பிய படத்தைப் பார்த்தால் உங்களுக்கும் அப்படித்தான் தோன்றும். அவசரப்பட்ட ஆள் எடுத்த படம் இல்லை அது.)

 ** ஆளைக் காட்டிக்கொடுக்கும் பறவை என்று பெயர் வைத்தது நான் இல்லை. இதை வைத்துச் சிலேடை எதுவும் செய்ய மாட்டேன் என்று வாக்களிக்கிறேன்.

4

வீட்டுக்கு வந்து கணினியில் போட்டுப் பார்த்தார். பறவை அருமையாக விழுந்திருந்தது. பறவையைச் சுற்றி விழுந்தவைதான் சங்கடம். இடது ஓரம் எருமையின் பின்புறம். பின்னால் உடைந்த நீல டிரம். வலது ஓரத்தில், சேற்றில் பாதி புதைந்து, ஒரு காதணி விழா பேனர்: பெரிய கம்மலோடு ஒரு குழந்தை, கீழே தெருப் பெயர் எழுத்து எழுத்தாக.

ஓரத்தை வெட்டினார். எருமை போயிற்று. குழந்தை போயிற்று. டிரம் மட்டும் பறவையின் தலைக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது. ஆனால் மங்கலாக, நீலமாக, பார்க்க நன்றாகவே இருந்தது.

அடுத்து, எடுத்த நாளைப் போட வேண்டும்; பதிவேட்டில் இல்லாத பறவைக்கு அது கட்டாயம். ஞாயிறு என்று போட முடியாது. பெர்சிஸின் தம்பி ஜோஷுவா குழுவில் இருக்கிறான். சனி என்று போட்டார். சனிக்கிழமை அவர் எங்கே இருந்தார்? மணிமுத்தாற்றில். உண்மையாகவே போயிருந்தார், தனியாக. குரங்கைத் தவிர ஒன்றும் கிடைக்கவில்லை. ஆகவே இடம்: 'மணிமுத்தாறு, மாஞ்சோலை மலையடிவாரம்.'

பாருங்கள், அவர் ஒரு பொய்தான் சொன்னார். இரண்டாவது தானாக வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது.

குழு கொந்தளித்தது. ஒருவர் 'சைபீரிய விருந்தாளி' என்றார். எந்தப் பறவை வந்தாலும் அது சைபீரியாவிலிருந்துதான் வர வேண்டும் என்பது நம் ஊர் நம்பிக்கை. இன்னொருவர் 'பின்னணியில் அருவியின் நீலம் அபாரம்' என்றார். எழுபது பேர் அந்த டிரம்முக்குக் கை தட்டினார்கள்.

ஒரு வருடம் கழித்துக் கணேஷ்ராம் பேசினான். 'வாழ்த்துகள் அண்ணாச்சி. நானும் பார்க்கணும்.' கடையில் லீவு சொல்லிவிட்டுப் புதன்கிழமை மணிமுத்தாற்றுக்குப் பஸ் ஏறினான்.

வெள்ளிக்கிழமை அவனிடமிருந்து குரல் பதிவு வந்தது. ஹெப்ரான் அலுவலகக் கழிப்பறையில் நின்று அதைக் கேட்டார்.

"அண்ணாச்சி, மூணு நாளா இங்கனதான் கெடக்கேன். ஒரு கொரங்கு டிபனையும் தின்னுட்டு லென்ஸ் மூடியையும் தூக்கிட்டுப் போயிட்டு. பறவை அருவிக்கு எந்தக் கைப்பக்கம் நின்னுச்சுன்னு மட்டும் சொல்லுங்க. ஞாயிறு வரைக்கும் இருந்து பாத்துட்டுத்தான் வருவேன்."

ஹெப்ரான் பதில் எழுதினார்: 'வலது கைப்பக்கம். பைய தேடு.'

இந்த நான்கு சொற்களை வாசகர் மன்னிக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். ஒரு வரைவில் எடுத்துவிட்டேன். எடுத்ததும் ஹெப்ரான் நல்லவராகிவிட்டார், கதை படுத்துவிட்டது. திரும்பச் சேர்த்தேன்.

5

அன்று மதியமே தஸ்மியா கூப்பிட்டாள். மேலப்பாளையத்துப் பெண், கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறாள். குழுவின் வருடாந்திர அறிக்கையைச் சரிபார்ப்பது அவள் பொறுப்பு. அதிர்ந்து பேசாதவள்.

"ஸார், தப்பா நெனைக்கக்கூடாது. இது சேத்துப் பறவை. அருவிச் சத்தத்துல, பாறையில இதுக்கு என்ன வேலை?"

"வழி தப்பி வந்திருக்கலாம்லா."

"இருக்கலாம். ஆனா கால்ல ஒட்டியிருக்க சேறு கருப்பா இருக்கு. அங்கன மணல்லா ஸார் கெடக்கு."

ஹெப்ரான் போனை மறு காதுக்கு மாற்றினார்.

"அசல் ஃபைலை அனுப்பிருங்க. திங்கக்கிழமை அறிக்கை அச்சுக்குப் போகுது. அசல் இல்லன்னா சேக்க முடியாது. நீங்க போட்ட விதிதான் ஸார்."

அசலை அனுப்பினால் எருமை வரும், டிரம் வரும், கம்மல் போட்ட குழந்தை தெருப் பெயரோடு வரும். படத்துக்குள் கேமரா எழுதிவைத்த நாளும் நேரமும் வரும்: ஞாயிறு, ஆறு ஐம்பத்தொன்று. பறவை பதிவேட்டில் ஏறும். ஏற்றியவர் பெயர் எக்காலத்திலும் இறங்கும். அனுப்பாவிட்டால் அவர் பெயர் தப்பும். ஆனால் அந்தப் பறவை வரவே இல்லை என்று அச்சில் வரும். சீனத்திலிருந்து பாளையங்கோட்டைச் சாக்கடைவரை பறந்து வந்த ஒரு பறவையிடம், 'அசல் இணைக்கப்படவில்லை, திருப்பப்படுகிறது' என்று சொல்ல வேண்டியிருக்கும்.

6

இங்கே எனக்குப் பெர்சிஸைப் பற்றி ஒரு சந்தேகம் வந்தது. முதல் இரண்டு வரைவில் அவளைச் சண்டைக்காரியாக வைத்திருந்தேன். கணவன் பொய் சொன்னால் மனைவி கத்த வேண்டும், பாத்திரம் உருள வேண்டும், எழுதச் சுலபம். ஆனால் பாத்திரம் உருட்டுகிற பெண்ணை எதற்கு மூன்று வருடம் ஏமாற்றுவது என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அதைவிடப் பெரிய கேள்வி: மூன்று வருடம் ஒருத்தியை அப்படி ஏமாற்ற முடியுமா?

ஆகவே வெள்ளிக்கிழமை சாயங்காலத்தை மறுபடி எழுதினேன். (இதற்கு அசல் கேட்காதீர்கள். முழுக்க என் வேலை.)

ஹெப்ரான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் முதல் ஆராதனைக்குப் போவதில்லை என்றார். பெர்சிஸ் ரசத்தை ஊற்றினாள்.

"தெரியும். நம்ம கோயில்ல எப்ப ஒட்டுப்புல்லு மொளச்சிச்சு? மூணு வருசமா திங்கக்கிழம திங்கக்கிழம ஒங்க பேண்ட்ல அதத்தான புடுங்கிட்டு இருக்கேன்."

சட்டையை மாற்றத் தெரிந்தவருக்குப் பேண்ட்டை மாற்றத் தோன்றவில்லை. பின்னே ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்றார்.

"நீங்க போனா ரெண்டு மணி நேரம் வீடு எனக்கு. கேட்டு அதைக் கெடுக்கணுமாக்கும்? எங்கன போறியன்னு தெரியாது. வேற பொம்பளை வீட்டுக்குப் போற ஆளு எருமை நாத்தத்தோட வரமாட்டான்னு மட்டும் தெரிஞ்சுது."

அவர் கணினியைத் திறந்து வெட்டாத படத்தைக் காட்டினார்; மணிமுத்தாற்று அருவிப் பக்கம் என்று குழுவை நம்பவைத்ததையும், அங்கே குரங்கோடு கிடக்கும் கணேஷ்ராமைப் பற்றியும் சொன்னார். பெர்சிஸ் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தாள். முதலில் பேனரைப் பார்த்தாள். இத்தனூண்டு காதில் இவ்வளவு பெரிய கம்மலை எவன் மாட்டினான் என்று விசாரித்தாள். பிறகு எருமை. பிறகுதான் பறவை. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இது என்னத்தத் திங்கும்?"

"புழு. சேத்துல கெடக்கது."

"அப்ப அருவியில எப்படி நிக்கும்? நீங்க சொன்னத நம்புனாகளா?"

"நூத்து நாப்பத்தாறு பேரு."

"படிச்சவுகளா?"

7

முடிவுகளுக்கு வருவோம். என்னிடம் மூன்று இருந்தன.

ஒன்றில் ஹெப்ரான் குழுவில் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறார். கணேஷ்ராம் கட்டிப் பிடித்துக்கொள்கிறான். எழுதி முடித்துப் படித்தபோது பள்ளி ஆண்டு விழா நாடகத்தில் மாட்டிக்கொண்டதுபோல இருந்தது. திரை இழுக்கிற ஆளைத் தேடினேன்.

இன்னொன்றில் 'கார்டில் இடம் இல்லாததால் அசல் அழிந்துவிட்டது' என்று அவர் தஸ்மியாவுக்கு எழுதுகிறார். குழுவில் கணேஷ்ராம் கை கூப்பிய படம் ஒன்றைப் போடுகிறான். இது எனக்குப் பிடித்திருந்தது. ஹெப்ரானுக்கும் பிடித்திருக்கும்போல, சனிக்கிழமை அதே வாசகத்தைத் தட்டிவிட்டு, அனுப்பாமல், 'அழிந்துவிட்டது' என்பதை எழுத்து எழுத்தாக அழித்தார்.

மூன்றாவதில் பறவை செத்துப்போகிறது. வேறு வழி தெரியாதபோது கதையில் வரும் பறவையைச் சாகடிப்பது நம் வழக்கம். மனம் வரவில்லை. அவ்வளவு தூரம் பறந்து வந்தது என் கதைக்குச் சாவதற்கா?

ஆகவே அதை உயிரோடு சேற்றுத் திட்டிலேயே விட்டுவைத்திருக்கிறேன்.

குளத்தின் பெயரை ஏன் மாற்றினேன் என்று நீங்கள் கேட்கவில்லை. நானே சொல்கிறேன். நெல்லைக் கதை என்றால் ஆறு வேண்டும், வயல் வேண்டும், மலை வேண்டும் என்று பத்திரிகையில் எதிர்பார்ப்பார்கள். அந்தப் பள்ளத்தின் உண்மைப் பெயர் கேட்கவே நன்றாக இராது. ஒத்தப்பனை என்றதும் உங்கள் கண்ணில் ஒரு பனை வந்து நின்றதல்லவா? அங்கே பனையே கிடையாது.

8

ஞாயிற்றுக்கிழமை பெர்சிஸ் தானும் வருவதாகச் சொன்னாள். கோயிலுக்குப் போகவில்லையா என்றார் ஹெப்ரான். சாயங்கால ஆராதனை எதற்கு இருக்கிறது என்றாள். ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து, சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு வந்தாள். இன்றைக்கு இலைச் சட்டை வெளியே வரவில்லை. அவள் எதிரில் அதைப் போட அவருக்கு வெட்கமாக இருந்தது.

எருமை அதே இடத்தில் நின்றது. நீல டிரம் இருந்தது. பேனர் இன்னும் ஒரு சாண் புதைந்திருந்தது. ஹெப்ரான் லென்ஸை மாட்டிக் கரை முழுக்கத் துழாவிக்கொண்டிருந்தபோது பெர்சிஸ் வெறும் கண்ணால் பார்த்துவிட்டாள்.

"அந்தா, கத்தாம நிக்குல்லா, அதுதானே?"

அதுதான். ஒரு வாரமாக எங்கும் போகவில்லை. தலையை ஒரு பக்கம் சாய்த்து, ஒரு காலால் சேற்றைப் படபடவென்று தட்டியது. நிறுத்திப் பார்த்தது. குத்தி எடுத்தது. மறுபடி தட்டியது. சேற்றுக்குள் இருக்கும் புழுவை எழுப்புகிறதாக்கும் என்றாள் பெர்சிஸ். ஹெப்ரான் அதைப் படம் எடுத்திருந்தாரே தவிர, அது என்ன செய்கிறது என்று கவனித்திருக்கவில்லை. லென்ஸை இறக்கிவிட்டு அவரும் பார்த்தார்.

பெர்சிஸ் தன் போனை எடுத்தாள். கோணம் பார்க்கவில்லை, பெரிதாக்கவில்லை, நின்ற இடத்தில் நின்று ஒரு படம் எடுத்தாள். அதில் எல்லாம் விழுந்திருந்தது. குப்பை, எருமை, டிரம், கம்மல் குழந்தை, நடுவில் வெள்ளைச் சட்டையில் பேண்ட் முழுக்க ஒட்டுப்புல்லோடு ஹெப்ரான். பறவை, அரிசி அளவு.

"செல்போன் கடைத் தம்பி நம்பர் எங்கிட்ட இருக்கு. அவன்தான இந்தப் போனைச் சரி பண்ணிக் கொடுத்தான். இன்னும் அங்கனதான் கொரங்கோட கெடக்கானா?"

ஹெப்ரான் தலையை ஆட்டினார்.

"இப்ப பஸ் ஏறுனா ஒம்போது மணிக்குள்ள வந்திருவான். இது அதுவரைக்கும் நிக்குமா?"

நிற்கும் என்றும் சொல்லலாம், நிற்காது என்றும் சொல்லலாம். பறவை அல்லவா.

"அனுப்பட்டா?"

ஹெப்ரான் வாயைத் திறந்து,

[இந்த இடத்தில் ஒரு வாக்கியம் இருந்தது. ஓரத்தை வெட்டும்போது போய்விட்டது. அசலை அனுப்பச் சொல்லி நீங்கள் கேட்கலாம். தஸ்மியா அளவுக்கு மரியாதையாகவே கேட்கலாம். அறிக்கையும் அச்சாகி வந்துவிட்டது. நான் இன்னும் பிரித்துப் பார்க்கவில்லை. மற்றபடி படம் முழுதாக உங்களிடம் இருக்கிறது: சாக்கடை, எருமை, டிரம், வாய் திறந்த மனுஷன், பொத்தான்மேல் விரலை வைத்துக்கொண்டு அவர் முகத்தையே பார்க்கிற மனுஷி, மணிமுத்தாற்றில் வலது கைப்பக்கம் தேடிக்கொண்டிருக்கிற ஒருவன். சேற்றுத் திட்டில் ஆறு ஆட்காட்டிகள் கத்துகின்றன. ஏழாவது இன்னும் கத்தவில்லை.]